உள்ளத்தைக் கேட்கும் ஆட்சி: ஒரு அரசியல் சொல்லும் நமது ஈமானும்

(ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



சில நாட்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஒரு சந்தேகம்" என்றார். வகுப்பில் 'டோட்டலிடேரியனிசம்' என்று ஒரு பாடம் நடந்ததாம். மனித வாழ்வின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கொள்கையின் பிடிக்குள் கொண்டுவரும் ஆட்சி என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்த நண்பர் இவரிடம் திரும்பி, "உங்க மார்க்கமும் முழுமையான வாழ்க்கை நெறின்னு நீங்களே சொல்றீங்களே, அதுவும் இதுதானா?" என்று கேட்டாராம். தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை.

நானும் உடனே பதில் சொல்லவில்லை. கேலிக்காகக் கேட்கப்பட்ட கேள்வியாக எனக்கு அது தோன்றவில்லை. படித்து, யோசித்து, ஜுமுஆவில் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதில்தான் இன்றைய உரை.

சொல் எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல்லுக்கு வயது நூறு ஆண்டுகள்தான். பிறந்த இடம் இத்தாலி. 1922-இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே தேர்தல் விதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாக வளைக்கத் தொடங்கினார். 1923 மே மாதம் ஜியோவான்னி அமெண்டோலா என்ற பத்திரிகையாளர் இதைக் கண்டித்து எழுதும்போது, இது பெரும்பான்மை ஆட்சியும் அல்ல, சிறுபான்மைக்கு இடம் தரும் ஆட்சியும் அல்ல, எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும் முறை என்ற பொருளில் 'டோட்டலிடேரியன்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது ஒரு குற்றச்சாட்டு.

முசோலினி அந்தக் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. 1925-இல் அதையே பெருமையாக எடுத்துத் தன் மார்பில் குத்திக்கொண்டார். எல்லாம் அரசுக்குள்ளேயே, அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராக எதுவும் இல்லை என்பது அவரது முழக்கமாயிற்று. அதே ஆண்டு கோடையில் அமெண்டோலாவை ஃபாசிஸ்ட் குண்டர்கள் தாக்கினார்கள். அந்தக் காயங்களிலிருந்து அவர் மீளவில்லை. 1926-இல் பிரான்சில் இறந்தார். சொல்லைத் தந்தவரையே அந்தச் சொல் குறித்த ஆட்சி கொன்றது.

பிறகு ஹிட்லரின் ஜெர்மனியையும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்தையும் குறிக்க இச்சொல் பரவலாயிற்று. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதப் பெண் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் இதன் தோற்றத்தைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். 1956-இல் ஃபிரெட்ரிக், பிரெசின்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் ஆறு அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள்: எல்லாவற்றையும் விளக்கும் ஒரே கொள்கை, ஒரே கட்சி, ரகசியப் போலீஸின் பயங்கரம், செய்தி, ஆயுதம், பொருளாதாரம் ஆகிய மூன்றின் மீதும் முழுப்பிடி.

நாம் தமிழில் 'சர்வாதிகாரம்' என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் இருப்பது ஒன்று. எல்லாவற்றின் மீதும் அதிகாரம் செலுத்துவது வேறு. முதலாவதை சர்வாதிகாரம் என்போம். இரண்டாவதை, இந்த உரையின் வசதிக்காக, 'முழுமையாதிக்கம்' என்று வைத்துக்கொள்வோம்.

வாயை மூடச் சொல்வதும், உள்ளத்தைக் கேட்பதும்

சகோதரர்களே! சாதாரணக் கொடுங்கோலன் வரியைக் கேட்பான், பணிவைக் கேட்பான். "வாயை மூடு" என்பான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உன் நினைப்பு உன்னுடையது. முழுமையாதிக்கத்துக்கு அது போதாது. "வாயைத் திற, என்னைப் புகழ், அதையும் மனதாரச் செய்" என்று அது கேட்கும்.

1931-இல் முசோலினி அரசு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லாரையும் ஃபாசிஸத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னது. ஆயிரத்து இருநூறுக்கும் அதிகமான பேராசிரியர்களில் மறுத்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். மற்றவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்ல. வேலை, குடும்பம், பயம். கணிதம் சொல்லித்தருபவரிடமும் மருத்துவம் சொல்லித்தருபவரிடமும் இந்தப் பிரமாணம் எதற்கு? அவர்கள் பாடம் நடத்துவதற்கு அது தேவையில்லை. ஆனால் தன் பிடிக்கு வெளியே ஒரு மூலைகூட இருக்கக்கூடாது என்பதற்கு அது தேவை.

சோவியத் ஒன்றியத்தில் பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவனை நாயகனாக்கிச் சிலை வைத்தார்கள். பெற்ற தகப்பனையே அரசிடம் காட்டிக் கொடுத்தான் என்பதே அவனது சிறப்பு. உண்மையில் என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தக் கதையை அரசு பிள்ளைகளுக்குப் பாடமாக்கியது என்பதில் சந்தேகம் இல்லை. வாப்பா வீட்டுக்குள் என்ன பேசினார் என்று பிள்ளை கவனிக்கிறது. பிள்ளை இருக்கும்போது வாப்பா பேசப் பயப்படுகிறார். இப்படி ஒவ்வொருவரையும் தனிமைப்படுத்துவதில்தான் இந்த ஆட்சியின் பலம் இருக்கிறது என்று அரெண்ட் விளக்கினார்.

முஸ்லிம்களும் இதை அனுபவித்தார்கள். இத்தாலியின் பிடியில் இருந்த லிபியாவில் சுமார் ஒரு லட்சம் நாடோடி மக்களைப் பெண்கள், குழந்தைகளோடு பாலைவன முகாம்களில் அடைத்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் அங்கே இறந்தார்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆசிரியராக இருந்து போராளியான, எழுபதைத் தாண்டிய உமர் முக்தார் (ரஹ்) அவர்கள் 1931 செப்டம்பர் 16 அன்று அந்த மக்களின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார்கள். 1944 மே மாதம் கிரிமியாவின் தாத்தார் முஸ்லிம்களை ஒரு சமுதாயமாகவே, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரை, ஸ்டாலின் அரசு ரயிலேற்றி நாடு கடத்தியது. தனித்தனியாக யார் என்ன தவறு செய்தார்கள் என்று விசாரிக்கவில்லை.

ஃபிர்அவ்னின் கேள்வி

சொல் புதிது. ஆனால் நோய் பழையது. ஃபிர்அவ்னைப் பற்றிக் குர்ஆன் சொல்வதைக் கவனியுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் அற்புதத்தைக் கண்டதும் சூனியக்காரர்கள் ஸஜ்தாவில் விழுந்து ஈமான் கொண்டார்கள். அப்போது ஃபிர்அவ்ன் என்ன கேட்டான்? அவர்கள் நம்பியது சரியா தவறா என்று அவன் கேட்கவில்லை. தான் அனுமதி தருவதற்கு முன்பே எப்படி நம்பினீர்கள் என்று கேட்டான் (7:123). ஈமான் கொள்வதற்கும் அவனிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம்! இன்னோர் இடத்தில், தனக்குச் சரியென்று தோன்றுவதைத் தவிர வேறெதையும் மக்களுக்குக் காட்டமாட்டேன் என்கிறான் (40:29). தான் பார்ப்பதை மட்டுமே மக்கள் பார்க்க வேண்டும். மேலும் மக்களைப் பிரிவு பிரிவாக ஆக்கி ஒரு சாராரை நசுக்கினான் (28:4). ஒரே பார்வை, மக்களைப் பிரித்தல், உள்ளத்துக்குக்கூட அனுமதி. இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் எழுதியதன் சாரம் இந்த மூன்று வசனங்களில் இருக்கிறது.

நம் வேலூர்க் கோட்டை

வெளிநாட்டுக் கதையாகவே இது போய்விட வேண்டாம். நம் ஊருக்கு வருவோம். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலூர்க் கோட்டை. உள்ளே கோயிலும் இருக்கிறது, மஸ்ஜிதும் இருக்கிறது, சர்ச்சும் இருக்கிறது.

1805-இன் இறுதியில் சென்னை ராணுவத்தின் தளபதி ஜான் கிராடக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். இந்து சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வைக்க வேண்டும். புதிய தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு பட்டை வேறு. எந்த விலங்கின் தோலோ என்ற சந்தேகம் இரு சமயத்தாருக்கும் எழுந்தது. எதிர்த்தவர்களில் ஒரு இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றார்கள். 1806 ஜூலை 10 விடியும் முன் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி படையோடு வந்து கிளர்ச்சியை அடக்கினார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசியில் அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் கவர்னர் பென்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இது முழுமையாதிக்கமா? இல்லை. கம்பெனி ஆட்சி கொடுமையானது, ஆனால் சிப்பாயின் உள்ளம் அதற்குத் தேவைப்படவில்லை. அணிவகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தச் சிப்பாய்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். சம்பளம் கொடுப்பவன் என் கையின் உழைப்பைக் கேட்கலாம், என் நெற்றியையும் தாடியையும் கேட்க முடியாது. அந்தக் கோட்டை ஒரு எல்லைக்கோடு.

அவசரநிலைக் காலம்

நம்மில் பெரியவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1975 ஜூன் 25 இரவு நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச் 21 வரை நீடித்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. விசாரணையின்றிச் சிறை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள் என்று பின்னர் ஷா ஆணையம் கணக்கிட்டது. தடை செய்யப்பட்ட அமைப்புகளில் ஜமாஅத்தே இஸ்லாமியும் இருந்தது, ஆர்.எஸ்.எஸ்-உம் இருந்தது. தமிழகத்தில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்தார். அந்தச் சிறையில் நடந்ததைப் பின்னர் விசாரித்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நாகூரைச் சேர்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்த தமிழறிஞரான அதே இஸ்மாயில்தான்.

1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அவசரநிலையில் ஒருவர் சட்டவிரோதமாக அடைக்கப்பட்டாலும் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நான்கு நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். விசாரணையின்போது, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று அவர் கேட்டார். அவசரநிலை இருக்கும்வரை கிடையாது என்றே அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். மறுத்ததற்கு விலையாக, தலைமை நீதிபதியாகும் வாய்ப்பை கன்னா இழந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல், அந்தரங்க உரிமை வழக்கில் அதே நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று அறிவித்தது.

அவசரநிலை முழுமையாதிக்கமா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேர்தல் நடந்தது, மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். ஆனால் ஓரிடத்தில் அது அந்த எல்லையைத் தொட்டது. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு. அரசு ஊழியர்களுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற மேவாத்தி முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை ஏற்றிச் சென்றது. அந்த இடத்தில் மனிதன் குடிமகன் அல்ல, ஒரு எண்.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? ஏனென்றால் ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலகச் செய்யக்கூடாது என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (5:8). நமக்குப் பிடிக்காத ஒவ்வொரு ஆட்சியையும் ஹிட்லர் ஆட்சி என்று வாட்ஸப்பில் அனுப்புவது எளிது. அது மிகைப்படுத்திய சாட்சியம். உண்மையாக அந்த நிலை வரும்போது எச்சரிக்க நம்மிடம் சொல் மிச்சமிருக்காது.

தம்பியின் கேள்விக்குப் பதில்

இப்போது கேள்விக்கு வருகிறேன். இஸ்லாம் முழுமையான நெறிதான். வியாபாரம், திருமணம், வாரிசுரிமை, உறங்கும் ஒழுக்கம் வரை அது பேசுகிறது. அப்படியானால் வேறுபாடு என்ன?

வேறுபாடு இதுதான்: உள்ளத்தின் மீது முழு உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. கலீஃபா முடியாது, ஆலிம் முடியாது, ஜமாஅத் முடியாது. நபி (ஸல்) அவர்களுக்கே, நீங்கள் நினைவூட்டுபவர்தான், அவர்களை அடக்கி ஆள்பவர் அல்ல என்று அல்லாஹ் சொன்னான் (88:21-22). மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்றும் சொன்னான் (2:256).

போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, வாளுக்குப் பயந்து சொன்னார் என்று கருதி உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் கொன்றுவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, அவரது உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று கேட்டார்கள் (முஸ்லிம்). ஒரு படைத்தலைவர் தம் வீரர்களை நெருப்பில் குதிக்கச் சொன்னபோது அவர்கள் தயங்கினார்கள். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், கீழ்ப்படிதல் என்பது நன்மையான விஷயத்தில் மட்டுமே என்று தெளிவுபடுத்தினார்கள் (புகாரி). நிய்யத் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலானது. வெளிப்படையானதைக் கொண்டே மனிதர்கள் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது நமது ஃபிக்ஹின் அடிப்படை.

ஆனால் சகோதரர்களே, இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். நம் வரலாற்றிலும் உள்ளத்தைச் சோதித்த ஆட்சி இருந்தது. ஹிஜ்ரி 218-இல், கி.பி. 833-இல், கலீஃபா மஃமூன் 'மிஹ்னா' என்ற சோதனையைத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறாயா என்று ஆலிம்களையும் காழிகளையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார்கள். பலர் பயந்து ஒப்புக்கொண்டார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) மறுத்தார்கள். சிறை, அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் சவுக்கடி. மஃமூன் அறிவுக்குப் பகைவர் அல்ல, கல்வியைப் போற்றியவர். தான் கண்டதே உண்மை, அதை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு படித்தவரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவரே சாட்சி.

அதற்கு முன்பே இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதற்கு மருந்து காட்டியிருந்தார்கள். அவர்களின் முவத்தா நூலை எல்லா ஊர்களுக்கும் கட்டாயமாக்க அப்பாஸிய கலீஃபா விரும்பியபோது, வேண்டாம் என்று தடுத்தார்கள். ஸஹாபாக்கள் பல ஊர்களுக்கும் பரவியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஊரிடமும் ஓர் அறிவு இருக்கிறது என்றார்கள். தன் நூலே சட்டமாகும் வாய்ப்பை வேண்டாமென்றவர்கள் அவர்கள். ஹனஃபியும் ஷாஃபிஈயும் இன்று ஒரே ஸஃப்பில் நிற்கிறோம் என்றால் அந்த மனப்பான்மையும் ஒரு காரணம்.

ஆகவே தம்பி, உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள். அல்லாஹ்வுக்கு முழுமையாகப் பணிகிறவன் வேறு யாருக்கும் முழுமையாகப் பணிய முடியாது. ஆனால் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஒரு மனிதன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வது உண்மையாகிவிடும், அதை நாங்களே முதலில் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் கையில் இருக்கும் சிறிய அதிகாரம்

அரசு நம் கையில் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, சிலர் கையில் டேனரியும் ஷூ கம்பெனியும் இருக்கின்றன.

மக்களின் குறைகளைத் துருவித் தேடினால் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்று நபி (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களிடம் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). துருவி ஆராயாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (49:12). ஒருவர் தனியாகப் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் குரூப்பில் போடும்போது, அந்தச் சிலையில் நிற்கும் சிறுவனின் வேலையைத்தான் நாம் செய்கிறோம்.

நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார் என்பதற்காக ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்வது, பெண்ணின் நிக்காஹுக்குத் தப்தர் தர மறுப்பது, மய்யித்துக்குக் கபர்ஸ்தானில் இடம் மறுப்பது, இவையெல்லாம் எந்த ஊரில் நடந்தாலும் ஜமாஅத் ஃபிர்அவ்னின் பாடத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தவறு செய்தால் என்னைத் திருத்துங்கள் என்று பதவியேற்ற அன்றே மக்களிடம் சொன்னவர்கள் அபூபக்கர் (ரலி). முத்தவல்லிகள் அந்தக் கலீஃபாவைவிட மேலானவர்களா?

முதலாளிகளான சகோதரர்களே! உங்கள் ஷூ கம்பெனிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேன் ஏறி வரும் பெண்களிடம் நீங்கள் வாங்குவது எட்டு மணி நேர உழைப்பு. அவர்களின் ஓட்டும், கொள்கையும், சங்கத்தில் சேரும் உரிமையும் அந்தச் சம்பளத்தில் அடங்காது. வேலூர்க் கோட்டைச் சிப்பாய் போட்ட கோடு உங்கள் கேட்டுக்கு முன்னாலும் இருக்கிறது.

தகப்பன்மார்களே! பிள்ளையைத் தொழச் சொல்லுங்கள், கண்டியுங்கள். ஆனால் "எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று உங்களிடம் சொல்ல அவன் பயப்படாத வீடாக உங்கள் வீட்டை வைத்திருங்கள். அந்தத் தம்பி கேள்வியை மறைத்து வைக்காமல் மஸ்ஜிதுக்குக் கொண்டுவந்தார். கேள்வியைக் கொண்டுவர இடமிருக்கும்வரை ஃபிர்அவ்னின் ஆட்சி அந்த இடத்தில் முழுமையடையாது.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை உனக்கே உரியதாக ஆக்கி வைப்பாயாக. மனிதர்களுக்கு அஞ்சி உண்மையை மறைப்பவர்களாகவும், எங்களுக்குக் கீழே உள்ளவர்களின் உள்ளங்களில் கைவைப்பவர்களாகவும் எங்களை ஆக்கிவிடாதே. உலகில் அநீதியாக அடைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் விடுதலையைத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.